ராஜாம்பாளின் அழுகை

தீபாவளிக்கு மறுநாள் ராஜாம்பாள் ஆப்பக்கடை போடவில்லை. முத்தியால்பேட்டையில் அந்தத் தெருவுக்கு அது பெரிய சங்கதி. மழை கொட்டினாலும் வாசலில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி விறகடுப்பில் சட்டியை ஏற்றிவிடுகிறவள் அவள். அவளும் மகனும் வேலை பார்த்த நூல் மில் மூடிய பிறகு அந்தச் சட்டிதான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது. அன்றைக்கும் மாவு தயாராகத்தான் இருந்தது. பச்சரிசியை அரைத்துக் கொஞ்சம் கள் விட்டுக் கரைத்துவைத்தது, பானை விளிம்புவரை நுரைத்துப் பொங்கி நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தாள். பானையைக் கழுவிக் குப்புற வைத்தாள். பிறகு நடு அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

தூக்குச்சட்டியோடு வந்தவர்களிடம் அவள் மகன் பலராமன், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி அனுப்பினான். யாரும் நம்பவில்லை. முந்தின நாள் சாயங்காலம் தெருவே டிவி முன்னால் உட்கார்ந்து ஒரே படத்தைத்தான் பார்த்திருந்தது. அதில் மாமியாராக நடித்திருந்தவள் ராஜாம்பாளின் மருமகள் தாமரைச்செல்வி. ராஜாம்பாளும் பார்த்தாள் என்பது பக்கத்து வீடுகளுக்குத் தெரியும். எதைப் பார்த்து இப்படி ஆனாள் என்பது மட்டும் தெரியவில்லை.

தாமரைச்செல்வி வில்லியனூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் வாயே திறக்கமாட்டாள். ஆனால் பார்ப்பாள். வீட்டுக்கு யார் வந்துபோனாலும், அவர்கள் போன பிறகு அவர்கள் உட்கார்ந்த விதத்தையும் காபியை ஊதிக் குடித்த விதத்தையும் கொழுந்தன் வடிவேலுக்குச் செய்து காட்டுவாள். வடிவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அந்தச் சிரிப்புச் சத்தமே ராஜாம்பாளுக்கு ஆகாது. தன்னையும் அவள் செய்து காட்டுகிறாள் என்று சந்தேகப்பட்டாள். சந்தேகம் சரிதான். மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வருடக்கணக்காக நின்று நின்று ராஜாம்பாளுக்கு இடதுபக்க இடுப்பு இறங்கிப்போயிருந்தது. அந்தக் காலைச் சற்று இழுத்துத்தான் நடப்பாள். கோபம் வந்தால் கத்தமாட்டாள். இரண்டு கையையும் தட்டி உதறிவிட்டு, "ஆவட்டும்" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு மில்லில் மேஸ்திரிகளே பயந்தார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு.

நாடகம் அந்த வீட்டுக்குள் வந்தது கொசுவால். சுகாதாரத் துறைக்காரர்கள் டெங்குவைப் பற்றித் தெருநாடகம் போட மகளிர் குழுவில் ஆள் கேட்டார்கள். எல்லோரும் வெட்கப்பட்டுப் பின்வாங்க, தாமரைச்செல்வி கொசுவாக நடித்தாள். மணிக்கூண்டுப் பக்கம் கூடியிருந்த ஜனம் அவள் ஒவ்வொருத்தர் காதருகிலும் போய் ரீங்கரித்ததில் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த நாடகத்தை எழுதிக்கொடுத்தவள் மார்கரீத். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். பாரீசில் நாடகம் படித்துவிட்டுத் திரும்பி வந்து, கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு பழைய வீட்டில் சொந்தமாகக் குழு நடத்திக்கொண்டிருந்தாள். அவள் தாமரைச்செல்வியைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டாள். ராஜாம்பாள் அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. குடும்பப் பெண்ணைக் கூத்தாடக் கூப்பிட வந்திருக்கிறாயே, உன் வீட்டில் பெண்கள் இல்லையா என்று கேட்டாள். நான்தான் என் வீட்டுப் பெண் என்று மார்கரீத் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை ராஜாம்பாள் மன்னிக்கவில்லை.

பலராமனுக்கு இதில் அபிப்பிராயம் எதுவும் கிடையாது. மில் போன பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்தால் தூங்கவேண்டும், அவ்வளவுதான். வடிவேல்தான் அண்ணிக்காக நின்றான். அவன் தட்டாஞ்சாவடியிலேயே ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தான். வேலை முடிந்து வந்து, கை எண்ணெய்ப் பிசுக்கோடு அண்ணியை வண்டியில் ஏற்றிப்போய் ஒத்திகைக்கு விடுவான். எதிர்த்துப் பேசமாட்டான். அம்மா திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டே வண்டியை உதைத்துக் கிளப்பிவிடுவான்.

ராஜாம்பாள் கதவைச் சாத்தத் தொடங்கினாள். விளக்கு வைத்த பிறகு மருமகள் வந்தால் உள்தாழ்ப்பாள் போட்டிருக்கும். தாமரைச்செல்வியின் மகள் தீபலட்சுமி அப்போது சின்னப் பெண். உள்ளே நின்று, கதவைத் திற ஆயா, அம்மா வெளியே நிற்கிறது என்று பாட்டியிடம் அழுவாள். ராஜாம்பாள் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே இருப்பாள். ஒருமுறை அடைமழையில், முகத்தில் பூசிய வண்ணத்தைக்கூடத் துடைக்காமல் தாமரைச்செல்வி வாசலில் நின்றாள். கன்னத்துச் சிவப்பும் கண் மையும் மழையில் கரைந்து ரவிக்கையில் வழிந்தன. எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. வடிவேல் வந்துதான் கொல்லைப்பக்கம் சுவரேறிக் குதித்துக் கதவைத் திறந்தான். அன்றைக்கு உள்ளே வந்த தாமரைச்செல்வி மாமியாரை நேராகப் பார்த்தாள். அழவில்லை. ராஜாம்பாள் கையை உதறினாள். ஆவட்டும் என்றாள்.

இப்படியே ஓடியது. தாமரைச்செல்வி மேடையில் ராணியானாள், பைத்தியமானாள், பிணத்தைக் காக்கிற வெட்டியாளானாள். மார்கரீத்தின் குழுவோடு டெல்லிவரை போய் நடித்துவிட்டு வந்தாள். பத்திரிகையில் படம் வந்தது. அதை வடிவேல் வெட்டிப் பட்டறையில் ஒட்டிவைத்திருந்தான்.

அவன் செத்தது ஒரு சாயங்காலம். அண்ணியை ஒத்திகையில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் ஒரு லாரி அடித்துவிட்டது. ஒத்திகை உடுப்போடு தாமரைச்செல்வி ஆட்டோவில் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது உயிர் போயிருந்தது. பலராமன் கையெழுத்துப் போட எங்கேயோ போயிருந்தான். ராஜாம்பாள் மட்டும் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நின்றாள்.

அவள் அலறவில்லை. மாரில் அடித்துக்கொள்ளவில்லை. வடிவேலின் நெற்றியில் ஒரு சிராய்ப்பு இருந்தது. உயிரைக் கொண்டுபோன காயம் வேறெங்கோ உள்ளே இருந்தது. வெளியே தெரிந்தது அது ஒன்றுதான். அவள் குனிந்து அந்தச் சிராய்ப்பின்மேல் வாயைக் குவித்து மெல்ல ஊதினாள். விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்த குழந்தைக்கு ஊதுவதுபோல. ஊதிவிட்டு, போயிடும், போயிடும் என்றாள். மறுபடியும் ஊதினாள். கொஞ்ச நேரம் கழித்து மூச்சு உள்ளே போகாமல் நின்று, தொண்டையில் விக்கல்போல ஒரு சத்தம் வந்தது. அதன் பிறகுதான் முழங்கால் மடங்கியது.

தாமரைச்செல்வி அவளைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தாள். அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

வீட்டில் கிடத்தியிருந்தபோது தாமரைச்செல்வி உடம்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ராஜாம்பாள் அவள் கையைப் பிடித்து எடுத்து அப்பால் போட்டாள். கூடியிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்.

"நீ ஆட்டம் போட, எம் புள்ள உன்ன ஏத்திக்கினு போயி செத்தான். நீ அழாத. நீ அழுதா அவனுக்கு ஆவாது."

தாமரைச்செல்வி எழுந்து கொல்லைக்குப் போனாள். துவைகல்லில் உட்கார்ந்தாள். பாடை எடுக்கும்வரை அங்கேதான் இருந்தாள். வெட்டியாளாக நடித்தபோது மேடையில் அவ்வளவு அழுதவள், கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பெண்கள், கல் நெஞ்சுக்காரி என்றார்கள்.

அதற்குப் பிறகு மாமியாரும் மருமகளும் ஒருவரோடொருவர் பேசவில்லை. சொல்லவேண்டியதைத் தீபலட்சுமியிடம் சொன்னார்கள். அது அவள் வளர்ந்து கல்லூரிக்குப் போகிறவரை நீடித்தது. உப்பு தீர்ந்துவிட்டது என்பதைக்கூட ஒரே சமையலறையில் நின்றுகொண்டு அந்தப் பெண் வழியாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். தாமரைச்செல்வி கொஞ்ச காலம் மேடைப் பக்கம் போகவில்லை. பிறகு போனாள். இப்போது அவளை ஏற்றிப்போக யாரும் இல்லை. பஸ்ஸில் போனாள்.

சினிமா அவளைத் தேடி வரவில்லை. அவள்தான் அதன் பின்னால் அலைந்தாள். விடியற்காலை ஈசிஆர் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போவாள். கூட்டத்தில் நிற்கிற அம்மா, காய்கறிக்காரி, தலைவருக்கு ஆரத்தி எடுக்கிறவள். ஒரு சேலையை நாலு பெண்கள் பிடித்துக்கொள்ள, அதன் மறைவில் நின்று உடை மாற்றினாள். ஒரு சீரியலில் வேலைக்காரியாக வந்து, காபி கொண்டுவரட்டுமா என்பதையே மாதக்கணக்கில் கேட்டாள். வயது நாற்பதைத் தாண்டியது. இனி என்ன என்று மார்கரீத்தே கேட்ட சமயத்தில்தான் ஒரு புது இயக்குநர் அவளுடைய பழைய நாடகம் ஒன்றின் பதிவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். மில் தொழிலாளிக் குடும்பத்துக் கதை. மாமியார் வேஷம். அவள் வயதுக்கு அது கூடுதல்தான். எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டானாம். தாமரைச்செல்வி எழுந்து, இடுப்பை இறக்கி, காலை இழுத்து அந்த அறையில் குறுக்கே நடந்தாள். திரும்பி நின்று கையை உதறினாள். ஆவட்டும் என்றாள்.

படம் ஓடியது. ஆவட்டும் என்ற வார்த்தை அதைவிட வேகமாக ஓடியது. ஆட்டோக்களின் பின்னால் எழுதினார்கள். செல்போனில் அவள் முகத்தை வெட்டி ஒட்டி எதற்கெடுத்தாலும் அனுப்பினார்கள். முத்தியால்பேட்டையில் அவளுக்குப் பேனர் வைத்தார்கள்.

ராஜாம்பாள் சண்டை போடுவாள் என்று தெரு காத்திருந்தது. அவள் போடவில்லை. ஆப்பம் வாங்க வருகிற பையன்கள், ஒருமுறை சொல்லுங்க பாட்டி என்று போனை நீட்டினால், கரண்டியை ஓங்கி விரட்டுவாள். ஆனால் அந்த விரட்டலில் சூடு இல்லை. ஒருநாள் தீபலட்சுமி படத்தின் அந்தத் துண்டைப் போனில் போட்டுக் காட்டியபோது கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, என் நடை இவ்வளவு கோணலா என்று கேட்டாள். பிறகு, மேஸ்திரியை நான் இப்படித்தான் நிற்கவைத்தேன் என்றாள். அவள் குரலில் இருந்தது கோபமில்லை என்று தீபலட்சுமி அம்மாவிடம் சொன்னாள். தாமரைச்செல்விக்கு அதைக் கேட்டு ஏமாற்றமாகத்தான் இருந்தது. மழையில் நின்ற நாளுக்குப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதில் போய்ச் சேரவில்லை.

படத்தை ராஜாம்பாள் முழுதாகப் பார்த்ததில்லை. கொட்டகைக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். தீபாவளிக்கு டிவியில் போட்டபோது தாமரைச்செல்வி வேறொரு படப்பிடிப்புக்காகச் சென்னையில் இருந்தாள். பலராமனும் தீபலட்சுமியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜாம்பாள் சமையலறை வாசலில் முறத்தை மடியில் வைத்து அரிசி பொறுக்கியபடி, பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை இழுத்து நடந்த இடத்தில் உதட்டோரம் கோணிற்று, சிரிப்புதான். கடைசிப் பக்கம், படத்தில் அந்த மாமியாரின் மகன் செத்துப்போகிறான். ஆஸ்பத்திரி. தாமரைச்செல்வி பிணத்தின்மேல் குனிந்தாள். அந்தப் பையனின் நெற்றியில் வாயைக் குவித்து ஊதினாள். போயிடும், போயிடும் என்றாள். மறுபடியும் ஊதினாள்.

முறம் கவிழ்ந்த சத்தம் கேட்டுத்தான் பலராமன் திரும்பினான்.

அந்தக் காட்சிக்காகத்தான் தாமரைச்செல்விக்கு விருது கிடைத்தது. எழுதிவைத்திருந்தது ஒப்பாரி. இவள்தான், நான் வேறுமாதிரி செய்கிறேன் என்று கேட்டு வாங்கிச் செய்தாள். லைட் பிடிக்கிறவர்கள்கூட அழுதார்கள், கட் என்று சொல்ல இயக்குநருக்கு வாய் வரவில்லை என்று பேட்டிகளில் சொல்வார்கள். எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்பவர்களிடம், அது அப்படியே வந்தது என்பாள்.

பலராமன் போன் செய்து, மறுநாள் மத்தியானம் அவள் வந்து சேர்ந்தாள். வாசலில் அடுப்பு ஈரமாகக் கிடந்தது. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்ததில் கூடமெல்லாம் காயாத துணி வாசனை. அவள் பையை வைப்பதற்குள் பலராமன் எழுந்து நின்றான். கல்யாணமான நாளிலிருந்து அவளை அவன் அதட்டியதில்லை. அப்போதும் குரல் உயரவில்லை.

"அத ஏன் எடுத்துப் போட்ட?" என்றான். "எனக்கே தெரியாது அது. எங்கம்மா எங்கிட்ட சொன்னதில்ல. சினிமாவப் பாத்துதான் நான் தெரிஞ்சிக்கிணும்னு இருந்திருக்குது."

அவள் நடு அறைக்குப் போனாள். ராஜாம்பாள் படுத்துத்தான் இருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தாமரைச்செல்வி சுவரோரமாக உட்கார்ந்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவள்தான் முதலில் பேசினாள்.

"அத்த. சாப்பிட்டியா?"

ராஜாம்பாள் முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"நான் உன்னக் கேலி பண்ணல. படம் பாத்தவங்க எல்லாம் உனக்காகத்தான் அழுதாங்க."

முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "எனக்காக ஊரு எதுக்கு அழுவுணும்? நான் கேட்டனா?"

"நீ என்ன அழ உட்டியா?" என்றாள் தாமரைச்செல்வி. பேசிக்கொண்டே போகையில் அவளுக்குச் சூடு ஏறிற்று. "அவன் எனக்குக் கொழுந்தனா? கூடப் பொறந்தவன் மாதிரி. இந்த வூட்ல எனக்குன்னு இருந்தது அவன் ஒருத்தன்தான். அவன் கால்மாட்டுல உக்கார உட்டியா நீ? கையப் புடிச்சித் தூக்கிப் போட்ட. ஊரு முன்னால நான்தான் கொன்னேன்னு சொன்ன. துவைகல்லுல குந்திக்கினு கெடந்தேன் நாயி மாதிரி. என் அழுக உள்ளயே செத்துப்போச்சி. அப்பறம் ஒருநாளு அழுன்னு லைட்டப் போட்டு நிக்க வெச்சா, நான் யாரு அழுகைய அழுவேன்? எனக்குத் தெரிஞ்சது உன்னுது ஒண்ணுதான்."

ராஜாம்பாள் எழுந்து உட்கார்ந்தாள். முகத்திலிருந்து துணியை எடுக்கவில்லை.

"நீ அழுவல. நீ பாத்த."

தாமரைச்செல்வி சுவரோடு ஒட்டி நகர்ந்தாள்.

"என்னப் பின்னால தாங்கிப் புடிச்சியே, அப்ப நான் திரும்பி உன் மூஞ்சப் பாத்தேன். உன்னோட சாஞ்சிக்கலாம்னுதான் திரும்புனேன். எவ்ளோ பகை இருந்தாலும் அந்த எடத்துல நீதான இருந்த. உன் கண்ணு என் வாயப் பாத்துக்கினு இருந்துச்சி. வாய. நான் எப்பிடி ஊதறேன்னு பாத்துக்கினு இருந்த. அதான் நீ கிட்ட வந்து குந்தனப்ப உன் கையத் தூக்கிப் போட்டேன். லாரிக்காரன் அடிச்சதுக்கு நீ என்னா பண்ணுவ, எனக்குத் தெரியாதா?"

வெளியே மழை பிடித்தது. தகரத்தில் விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. பலராமன் கதவருகில் நின்றிருந்தான். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான், அவள் இல்லை என்று சொல்லுவாளா என்று. அவள் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. துக்கத்தில் அவள் நெஞ்சு வெடித்துக்கொண்டிருந்தது நிஜம். அதே நேரத்தில் அவளுக்குள் ஒருத்தி தனியாகத் தள்ளி நின்று, அந்த உதடு குவிந்ததை, மூச்சு நின்றதை, விக்கல் வந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் நிஜம். அதை யாரும் கவனித்திருக்க முடியாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"அது பழகிப்போச்சி அத்த," என்றாள் கடைசியில். "நான் வேணும்னு பாக்கல."

"தெரியும். நாய்க்கு மோப்பம் மாதிரி."

அந்தச் சொல்லில் தாமரைச்செல்வி எழுந்துவிட்டாள். இது என் வீடும்தான், நான் எங்கும் போகமாட்டேன், யார் முகத்தை மூடிக்கொண்டாலும் எனக்கென்ன என்று கூடத்துக்கு வந்து சொன்னாள். சொன்னபடி இருக்கவும் செய்தாள். துணிகளைத் துவைத்து, காயாது என்று தெரிந்தே கொடியில் போட்டாள். மார்க்கெட்டுக்குப் போய்ச் சங்கரா மீன் வாங்கி வந்து புளிக்குழம்பு வைத்தாள். தெருவில் இரண்டு பெண்கள் போட்டோ எடுத்துக்கொள்ள வந்தார்கள். அவர்களோடு சிரித்து நின்றாள்.

ராஜாம்பாள் குழம்பைத் தொடவில்லை. தீபலட்சுமி கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததைக் குடித்தாள். மருமகள் அறைக்குள் வந்தால் முந்தானை முகத்துக்கு ஏறும். அவள் போன பிறகு இறங்கும். எழுந்து நடக்கவேண்டியிருந்தால், தாமரைச்செல்வி கொல்லைப்பக்கம் போகிறவரை காத்திருந்து, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒருமுறை எதிர்பாராமல் இருவரும் சமையலறையில் எதிரெதிராக நின்றுவிட்டார்கள். கிழவி இரண்டு கையையும் விரித்து முகத்தைப் பொத்திக்கொண்டு, மருமகள் தாண்டிப் போகும்வரை அப்படியே நின்றாள். விரல்கள் நடுங்கின. அடி வாங்கப் பயந்த குழந்தை நிற்பதுபோல இருந்தது. தாமரைச்செல்வி வேகமாக வெளியே வந்தாள். நடுங்கிய விரல்களை இன்னொரு கணம் பார்த்திருப்பாள் என்பது அவளுக்கே உறைத்தது.

தீபலட்சுமிதான் அம்மாவைக் கேட்டாள். பிசியோதெரபி படிக்கிற பெண். கல்லூரியிலிருந்து வந்து, நனைந்த குடையை மூலையில் சாய்த்துவிட்டு, தாயின் எதிரில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவுக்காக அழுதவள் அவள். ஆயா செய்ததையெல்லாம் மறக்கவில்லை என்றுதான் ஆரம்பித்தாள். ஆனாலும் நீ கொஞ்ச நாள் சென்னையில் போய் இரும்மா என்றாள். சித்தப்பா திதி வருகிறது, அது முடிகிறவரைக்காவது போ என்றாள்.

"உனக்கும் நான்தான் தப்பா?" என்றாள் தாமரைச்செல்வி.

தீபலட்சுமி நடு அறைப் பக்கம் கையைக் காட்டினாள். உள்ளே போய் ஆயாவிடமே கேட்டுக்கொள் என்றாள்.

தாமரைச்செல்வி அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே போகவில்லை. ராஜாம்பாளின் முகம் மூடியிருந்தது. சண்டையின் சாயலே இல்லாத ஒரு குரலில் அவள் பேசினாள். அந்தக் குரலைத்தான் தாமரைச்செல்வியால் தாங்க முடியவில்லை.

"அவன நெனச்சா எனக்கு அவன் நெத்திதான் வரும். ஊதுனா போயிடும்னு ஒரு நெனப்பு. பைத்தியக்கார நெனப்புதான். வருசா வருசம் அத வெச்சித்தான் அழுவேன். இப்ப கண்ண மூடினா உன் மூஞ்சி வருது. நீ எவன் நெத்தியிலயோ ஊதற. எம் புள்ள வரமாட்டேங்கறான்."

நிறுத்தி மூச்சு விட்டாள்.

"திதி வருது. நான் அழுவுணும். நீ வூட்ல இருந்தா என்னால அழ முடியாது. போ."

அன்றைக்கே தாமரைச்செல்வி கிளம்பினாள். பலராமன் பஸ் ஸ்டாண்டுவரை வண்டியில் கொண்டுவந்து விட்டான். அவள் இறங்கியதும், அம்மா இருக்கும்வரை நீ சென்னையிலேயே இருந்துகொள் என்றான். அதைச் சொல்ல அவன் கஷ்டப்பட்டது தெரிந்தது. நீ என்னைப் பார்க்க வருவாயா என்று அவள் கேட்டாள். ஷிப்ட்டைப் பார்த்து வருகிறேன் என்றான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி அவளை அடையாளம் கண்டுகொண்டு, நீங்கள் அவர்தானே, அந்தக் காட்சியில் என்னைக் கொன்றுவிட்டீர்களே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மரக்காணம் தாண்டும்வரை கையை விடவில்லை.

சாலிகிராமத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். படங்கள் வந்தன. இப்போது அவளுக்குத் தனி கேரவன் கொடுத்தார்கள். திதி நாளன்று ஒரு கல்யாண வீட்டுக் காட்சி. பெண்ணின் தாயாகப் பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தாள். வசனத்தை இரண்டு தடவை தவறவிட்டாள். வீட்டில் இந்நேரம் வடிவேலின் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் கள் ஆப்பமும் இலையில் வைத்திருப்பார்கள். சட்டியை மறுபடியும் அடுப்பில் ஏற்றினாளா என்பது தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தீபலட்சுமி கூப்பிட்டாள்.

படையல் முடிந்தது, காக்கைக்கு வைத்தாயிற்று, அப்பா இன்றைக்கு லீவு போட்டார் என்று வரிசையாகச் சொன்னாள். ஆயா காலையிலேயே எழுந்து குளித்து, தானே ஆப்பம் ஊற்றியது என்றாள். தாமரைச்செல்வி ம் கொட்டிக்கொண்டே கேட்டாள். அப்புறம் தீபலட்சுமியின் குரல் இறங்கியது.

"ஆயா அழுதுச்சிம்மா. எங்களையெல்லாம் கூடத்துக்குப் போவச் சொல்லிட்டு, சித்தப்பா போட்டோகிட்ட தனியா குந்திக்கினு அழுதுச்சி. ரொம்ப நேரம். நான் கதவு சந்துல பாத்தேன். நல்லா அழுதுட்டு, இப்ப தூங்குது. நீ கவலப்படாத."

தாமரைச்செல்விக்கு நெஞ்சில் ஏதோ இறங்கினதுபோல இருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நிம்மதிதான். அப்படித்தான் இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"எப்பிடி அழுதாங்க?"

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்து நின்றது.

"தீபா. இல்லடி. நான் அதுக்குக் கேக்கல."

போன் வைக்கப்பட்டிருந்தது. திரும்பக் கூப்பிட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டாள். வெளியே கேரவன் கதவைத் தட்டி, அடுத்த ஷாட்டுக்குத் தயார் என்றார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பூவைச் சரிசெய்துகொள்ளக் கண்ணாடி முன்னால் போனாள். அக்கறையில்தான் கேட்டேன் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். அந்த வார்த்தையைச் சொன்ன வாயைக் கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.